சுருக்கென்று இறங்கும் பானம்

புகுந்த வீட்டில் எனக்கு விளங்காத விஷயங்கள் பல இருந்தன. அவற்றில் பெரியது மாமனாரின் சாயங்காலம்.

தொண்ணூறுகளின் நடுவில் பெரணமல்லூரிலிருந்து கல்யாணமாகி ஆரணிக்கு வந்தேன். என் அப்பா அரசு அலுவலகத்தில் எழுத்தர். தறியைப் பக்கத்தில் நின்று பார்த்ததே இங்கே வந்த பிறகுதான். இந்த வீட்டுக் கூடத்தை இரண்டு பட்டுத் தறிகள் அடைத்துக்கொண்டிருந்தன. ஒன்றில் மாமனார் உட்காருவார், இன்னொன்றில் என் வீட்டுக்காரர். மாமியார் நூல் சுற்றிக் கொடுப்பார். காற்று வறண்டால் பட்டு இழை அறுந்துபோகும் என்று கோடையில் மின்விசிறி போட மாட்டார்கள். தரையில் தண்ணீர் தெளித்து, சன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார்கள். சித்திரை மாதத்தில் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் சோறு வடித்த பானைக்குள் தலையை விட்டதுபோல இருக்கும்.

அந்தப் புழுக்கத்திலும் மாமனார் பகல் முழுக்கச் சாந்தமாக இருப்பார். இழை அறுந்தால் பொறுமையாக முடிந்துவிட்டு மறுபடி நெய்வார். தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலின் குறுக்கே நான் தெரியாமல் கையை நீட்டியபோதுகூட, "பாத்தும்மா, வளையல் மாட்டிக்கப் போவுது" என்றாரே தவிர முகம் சுளிக்கவில்லை. வெளிச்சம் மங்கித் தறியை விட்டு எழுந்து, கைகால் கழுவிக்கொண்டு பின்பக்கத்துத் துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுவார். மோர் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பைத் தள்ளி வைப்பார். பானைத் தண்ணீர் ஏன் வெந்நீர் மாதிரி இருக்கிறது என்பார். தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் பொறுக்காது. எழுந்து நடப்பார், உட்காருவார், மறுபடி எழுவார். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் பழைய மனிதர் திரும்பி வந்துவிடுவார்.

பித்தமாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். சீரகம் கொதிக்கவைத்துக் கொடுத்துப் பார்த்தேன். அதற்கும் அதே கதிதான். ஒரு நாள் நூல் சுற்றிக்கொண்டிருந்த மாமியாரிடம் கேட்டேவிட்டேன். அவர் கூடத்துப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வரைக்கும் மாமனார் குடித்துக்கொண்டிருந்தாராம். பகலில் தொட மாட்டார். சாயங்காலம் தறியை விட்டு எழுந்தால் நேராகக் கடைக்குப் போய்விடுவார். ஒரு காலையில் அறுந்த இழையை முடியப் போனபோது விரல் நடுங்கி, எவ்வளவு நேரம் முயன்றும் முடிச்சு விழவில்லை. தறியை விட்டு எழுந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாராம். அன்றைக்கு விட்டதுதான். யாரும் சத்தியம் வாங்கவில்லை, கோயிலில் கயிறு கட்டவில்லை. "கடைக்குப் போறத உட்டுட்டாரு. அந்த நேரத்த எங்க உடறது? அது வந்துகினுதான் கீது" என்றார் மாமியார்.

இதைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும், அல்லது பரிதாபம். வந்தது ஒரு கேள்வி. அந்த நேரத்தில் அவருக்குக் குறைவது எது? போதையா, குளிர்ச்சியா, கூட உட்கார ஆளா? சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். எதையாவது பார்த்தால் அது ஏன் என்று தெரியும் வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. அம்மா இதற்காகத் தலையில் குட்டுவார்.

சில நாள் கழித்து, மோர்ச் சொம்பு வழக்கம்போல ஓரம் போனபோது, மாமனாரிடமே கேட்டேன். புது மருமகள் கேட்கிற கேள்வி இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

"மோர்ல என்னா குறையுதுங்க மாமா? சொன்னீங்கன்னா வேற மாதிரி பண்ணிப் பாக்கறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். உண்மையிலேயே யோசித்தார். நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"உள்ள எறங்கும்போது சுருக்குன்னு ஒண்ணு புடிக்கணும்மா. இங்க." தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டினார். "இது சும்மா வழவழன்னு பூடுது. குடிச்ச மாதிரியே இல்ல."

அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது ஒரு முகவரி கிடைத்ததுபோல இருந்தது. வேண்டியது போதை என்று அவர் சொல்லவில்லை. சுருக்கென்று பிடிக்கிற ஏதோ ஒன்று. அதைச் சமையலறையில் தேட முடியாதா?

மறுநாளே தொடங்கினேன். நாட்டு மருந்துக்கடையிலிருந்து நன்னாரி வேர் வாங்கி வந்து, நடு நரம்பை எடுத்துவிட்டு இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, சர்க்கரைப் பாகு காய்ச்சி, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். வீடே மணத்தது. மாமியாரும் வீட்டுக்காரரும் இரண்டு தம்ளர் குடித்தார்கள். மாமனார் முழுத் தம்ளரையும் குடித்துவிட்டு, வாசனை நன்றாக இருக்கிறது, கோயிலுக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறது என்றார். சுருக்கென்று பிடித்ததா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டார். அடுத்து சுக்குத் தட்டிப் போட்டுப் பானகம். அது மருந்து மாதிரி இருக்கிறதாம். புளித்தண்ணீரில் காய்ந்த மிளகாயைச் சுட்டுக் கிள்ளிப் போட்டது ரசம் மாதிரி இருந்தது. ரசம் என்றால் சோறு வேண்டும் என்றார்.

இப்படி நான் அடுப்படிக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடந்துகொண்டிருந்ததில் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. ஒரு நாள் கடைத்தெருவிலிருந்து பன்னீர் சோடா வாங்கிவந்து, இதைக் கொடுத்துப் பார் என்றார். கட்டை விரலால் கோலியை உள்ளே அழுத்தினார். 'டப்' என்று சத்தம் கேட்டது. கல்லில் உட்கார்ந்திருந்த மாமனாரின் உடம்பு அப்படியே நிமிர்ந்ததைப் பார்த்தேன். அவர் சோடாவைக் குடிக்கவில்லை. எழுந்து தெருப்பக்கம் போய் நின்றுகொண்டார். மாமியார் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு அறிவு கீதாடா? எதுல கலந்து குடிச்சாருன்னு உனக்குத் தெரியாதா? அந்தச் சத்தம் இந்த ஊட்ல கேக்கக் கூடாது."

மகன் தலையைக் குனிந்துகொண்டார். திறந்த சோடாவை வீணாக்க மனமில்லாமல் நான் குடித்தேன். மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. தொண்டையில் சுருக்கென்று பிடித்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் சொன்ன சுருக்கில் பாதி சாராயத்தினுடையது இல்லை, சோடாவினுடையது. அந்தக் காற்று.

அந்தக் காற்றை வீட்டிலேயே, கோலிச் சத்தம் இல்லாமல், செய்ய முடியுமா?

கடைத்தெருவில் சோடா போடுகிற பாய் ஒருவர் இருந்தார். காய்கறி வாங்கப் போகிற சாக்கில் அவர் கடை முன்னால் நின்று, காற்று எப்படிப் பாட்டிலுக்குள் போகிறது என்று கேட்டேன். ஒரு பெண்பிள்ளை இதைக் கேட்கிறாளே என்று அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். ஓரத்தில் ஆள் உயரத்துக்கு இரும்பு சிலிண்டர். அதிலிருந்து ஒரு குழாய். பாட்டில்களைப் பெட்டியில் படுக்கவைத்து மூடி, கைப்பிடியைப் பிடித்து உருட்டு உருட்டென்று உருட்டினார். தண்ணீர் காற்றைக் குடித்துக்கொண்டதும், கோலி தானே வாயில் வந்து அடைத்துக்கொள்கிறது. இதை வீட்டில் செய்ய முடியுமா என்றேன். "ஊட்லயா? மெஷின் வெடிச்சா ஊடு பூடும்மா. பேஜார் வேல" என்றார். சொல்லிவிட்டு, எதற்குக் கேட்கிறேன் என்று விசாரித்தார். மாமனாருக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இயந்திரம் இல்லாமல் காற்று வராது என்று அந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டேன். பிறகு அது தானாகவே வந்தது.

ஒரு மத்தியானம் வெல்லமும் எலுமிச்சையும் இஞ்சியும் போட்டுக் கரைத்த பானகம் மீந்துபோனது. சர்பத் வாங்கிய பழைய கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் ஊற்றி, மரை மூடியை இறுக்கித் திருகி அடுப்படி மேடையின் ஓரத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு முகூர்த்தச் சேலை ஒன்றை அவசரமாக முடிக்க வேண்டியிருந்ததால் எல்லோரும் அதில் இறங்கிவிட்டோம். பானகம் இருந்ததையே மறந்துவிட்டேன். சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்த பிறகு, கழுவலாம் என்று பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன். 'புஸ்' என்று சீறி, நுரை பொங்கி என் கையெல்லாம் வழிந்தது. விரலை நக்கிப் பார்த்தேன். நாக்கில் பொடிப்பொடியாக ஏதோ வெடித்தது. ஒரு வாய் ஊற்றிக் குடித்தேன். இனிப்பும் புளிப்பும் இஞ்சிக் காரமும், அடியில் அந்தச் சுருக்கும்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. சிலிண்டரும் இல்லை, உருட்டுகிற பெட்டியும் இல்லை. வெறும் வெல்லத் தண்ணீர். அது எங்கிருந்து காற்றைக் கொண்டு வந்தது? பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியிலிருந்து நூல் நூலாகக் குமிழ்கள் கிளம்பி மேலே வந்துகொண்டிருந்தன. தம்ளரில் ஊற்றி மாமனாருக்கு எடுத்துக்கொண்டு போகத் திரும்பினேன். அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை அறிவியல் படித்தவள் நான். சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் வளர்ந்தால் அது சர்க்கரையைத் தின்று இரண்டு பொருள்களை வெளியே விடும். ஒன்று காற்று. இன்னொன்று சாராயம்.

தம்ளரோடு அடுப்படி வாசலில் நின்றுவிட்டேன்.

குமிழ் வந்திருக்கிறது என்றால் இன்னொன்றும் வந்திருக்கும். எவ்வளவு வந்திருக்கும்? ஒரு சொட்டா, அதற்கும் குறைவா? எனக்குத் தலை சுற்றவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பழக்கமே இல்லாத நாக்குக்கு அது எப்படித் தெரியும்? அந்த வீட்டில் அதைக் கண்டுபிடிக்கக்கூடிய நாக்கு ஒன்றுதான். அந்த நாக்கில் இதைப் படவிடக் கூடாது.

நான் நின்ற நிலையைப் பார்த்து மாமனாரே எழுந்து வந்தார். என்னம்மா என்றார். மறைக்கத் தோன்றவில்லை. பானகம் பொங்கிவிட்டது என்று நடந்ததைச் சொன்னேன். அவர் தம்ளரைத் தொடவில்லை. பாட்டிலை எடுத்து, வாயருகே கொண்டுபோகாமல், மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஒரு முறை. பின்னாலிருந்து மாமியாரும் வந்துவிட்டார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இது எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும்மா" என்றார் மாமனார். "இப்ப ஒண்ணுமில்ல. ஆனா ரோட்ட புடிச்சிடுச்சி. இன்னும் கொஞ்ச நாள் உட்டன்னா போய்ச் சேந்துடும்."

பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நானும் மாமியாரும் பின்னாலேயே போனோம். வாழை மரத்தடியில் நிதானமாகக் கவிழ்த்து ஊற்றினார். கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றிவிட்டுப் பாட்டிலை அவரே கழுவினார். மாமியார் அழுதுவிட்டார். என்னைத் திட்ட ஆரம்பித்தார், இதெல்லாம் எதற்கு, நம் வீட்டில் மோர் இல்லையா, தண்ணீர் இல்லையா என்று. எனக்கும் அழுகை முட்டியது. இனி இந்த வேலையே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

கழுவின பாட்டிலைக் கல்லின் மேல் கவிழ்த்துவிட்டு மாமனார் என் பக்கம் திரும்பினார். "காத்து மட்டும் வரணும், அது வரக் கூடாது. அதானம்மா?" என்றார். நான் தலையசைத்தேன். "பட்டு வேக வைக்கறப்ப சோடா உப்பு போடுவோம். அதுல புளிப்பு பட்டா பொங்கும். பாத்துகீறன். அந்தப் பொங்கல்ல என்னா கீது?"

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஆப்பத்துக்குப் போடுகிற சோடா மாவு எங்கள் அடுப்படியிலேயே இருந்தது. அதில் எலுமிச்சை பட்டால் நுரைக்கும். அந்த நுரையும் அதே காற்றுதான். அதில் சாராயம் இல்லை.

அன்று சாயங்காலமே செய்து பார்த்தோம். நான் செய்து அவர் குடிப்பது என்ற ஏற்பாடு அன்றோடு போய்விட்டது. துவைக்கிற கல்லில் தட்டுகளையும் தம்ளர்களையும் பரப்பிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பானகத்தில் அரை ஸ்பூன் சோடா மாவைப் போட்டதும் நுரை பொங்கித் தம்ளருக்கு வெளியே ஓடியது. மிச்சத்தைக் குடித்தவர் அப்படியே துப்பிவிட்டார். சோப்புத் தண்ணீர் மாதிரி இருந்ததாம். அடுத்த நாள் சிட்டிகையாகக் குறைத்தோம். சோப்பு வாடை குறைந்தது, ஆனால் நுரை தம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அடங்கிவிட்டது. எலுமிச்சையைக் கூட்டினோம். கொஞ்சம் உப்புச் சேர்த்தோம். மாவை முதலில் போடுவதா கடைசியில் போடுவதா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். கடைசியில்தான் என்று நான் சொன்னேன், அதுவே சரியாக வந்தது. ஆனால் கலக்கக் கூடாது, அதுவாகக் கரையவிட வேண்டும் என்று கண்டுபிடித்தது அவர்.

தினமும் தறியை விட்டு எழுந்ததும் கைகால் கழுவிவிட்டு, "இன்னிக்கு இன்னா மாத்தலாம்?" என்பார். ஒரு நாள் இஞ்சியைத் தட்டிப் போடுவோம், ஒரு நாள் துருவிப் பிழிந்து சாறாகச் சேர்ப்போம். மிளகு ஒரு நாள், சுக்கு ஒரு நாள். வெறும் நுரை மூக்கில்தான் ஏறுகிறது, தொண்டையில் பிடிக்கவில்லை என்பது அவருடைய கட்சி. மிளகு பிடிக்கிறது, ஆனால் பிடித்த இடத்திலேயே நின்றுவிடுகிறது என்பார். ஒரு பானத்தைக் குடித்துவிட்டு இவ்வளவு சொல்ல முடியும் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பச்சை மிளகாய் யோசனை மாமியாருடையது. எங்கள் கூத்தைக் கொஞ்ச நாள் கண்டும் காணாமலும் இருந்தவர், ஒரு நாள் வந்து நின்று, மோருக்குப் போடுகிற மாதிரி ஒரு மிளகாயைக் கீறிப் போட்டால் என்ன என்று கேட்டார். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வெல்லம் கரைத்த தண்ணீரில் இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் உப்பும் சேர்த்து, கீறின பச்சை மிளகாய் ஒன்றைப் போட்டு, மத்தியானமே ஈரத்துணி சுற்றிய பானையில் வைத்தேன். சாயங்காலம் மிளகாயை எடுத்துவிட்டுத் தம்ளரில் ஊற்றி, சிட்டிகை சோடா மாவைத் தூவினார் மாமனார். நுரை எழும்பும்போதே எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

குடித்தவர் இருமினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நெஞ்சைத் தட்டிக்கொண்டார். மாமியார் பதறிப்போய் ஓடி வந்தார். மாமனார் கையை உயர்த்தி எங்களை நிறுத்திவிட்டு, சிரிக்க ஆரம்பித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. தறியிலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"புடிச்சிதாங்க மாமா?" என்றேன்.

"புடிச்சிகினு உடமாட்டேங்குதும்மா" என்றார்.

அந்தக் கோடை முழுக்க அதுதான். அக்கம்பக்கத்துக்கும் விஷயம் போனது. பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் அவரவர் வீட்டில் செய்தார்கள். மிளகாய் இல்லாமல், இஞ்சி அதிகமாக, வெல்லத்துக்குப் பதில் சர்க்கரையாக என்று பலவிதமாக மாறியது. நாலு வீடு தள்ளி ஒரு நெசவுக்காரர் மனைவி இருந்தார். அவர் கேட்டது வேறு காரணத்துக்காக. புருஷன் தினமும் குடித்துவிட்டு வருவார். எங்கள் மாமனார் இதைக் குடித்துத்தான் குடியை விட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. அது உண்மையில்லை, அவர் விட்டு வெகுநாள் கழித்துத்தான் இது வந்தது என்று எவ்வளவோ சொன்னேன். அந்த அம்மாள் கேட்கவில்லை. இஞ்சியும் எலுமிச்சையும் வாங்கிக்கொண்டு வந்து என் கூடவே உட்கார்ந்து அளவெல்லாம் கற்றுக்கொண்டு போனார். கொஞ்ச நாள் கழித்து விசாரித்தேன். புருஷனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டதாம். ஒரு சொம்பு நிறையக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுகிறாராம்.

எனக்கு அது மனதை அரித்தது. மாமனாரிடம் சொல்லி, ஏன் அவருக்கு இது உதவவில்லை என்று கேட்டேன். எனக்குத் தெரியாதும்மா, எனக்கு ஏன் உதவியது என்பதே தெரியாது என்றார். ஒருவேளை நான் ஏதோ பெரிய பதில் எதிர்பார்த்திருப்பேன். அவர் தெரியாது என்று சொன்னதுதான் அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது.

வருஷங்கள் ஓடின. எனக்கு ஒரு மகள் பிறந்தாள். வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வந்தது. பானையிலிருந்து பானம் அதற்குள் போனது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும், தெள்ளாரில் உறவுக்காரக் கல்யாணம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனோம். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்காரும்போது மாமனாரைக் காணவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் பழைய கூட்டாளிகளோடு நின்றிருந்ததாக யாரோ சொன்னார்கள். பஸ்ஸில் திரும்பும்போது சன்னலோரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கு முன்சீட்டில் நான். வந்தவாசி தாண்டுவதற்குள் எனக்கு வாசனை தெரிந்துவிட்டது. அவர் பக்கத்தில் இருந்த மாமியாருக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கும். அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே வந்தார்.

மறுநாள் அவர் தறியில் உட்கார்ந்தார். எப்போதும்போல நெய்தார். சாயங்காலம் கைகால் கழுவிவிட்டு வந்து கல்லில் உட்கார்ந்தார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்படியில் நின்றேன். பிறகு, தினமும் செய்வதை இன்றைக்கு ஏன் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் தட்டில் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அவர் எலுமிச்சம்பழத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார், நறுக்கவில்லை.

இந்த முறையும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. குத்திக் காட்டுவதற்காக இல்லை. அது அவருக்கும் தெரியும்.

"நேத்து அந்தச் சுருக்கு இருந்துச்சாங்க மாமா?"

"இருந்துச்சி" என்றார். பழத்தை உருட்டுவதை நிறுத்திவிட்டு, "ஆனா ஒரு ருசியும் இல்லம்மா அதுல. கசப்பு, எரிச்சல், அவ்ளோதான். இத்தினி வருசம் இதையா தேடிகினு போனன்னு கீது."

சொல்லிவிட்டுப் பழத்தை நறுக்கினார். கை நடுங்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். அன்றைக்கு மிளகாய் ஒன்றுக்கு இரண்டாகப் போடச் சொன்னார். மாமியார் உள்ளேயிருந்து வந்து, தனக்கும் ஒரு தம்ளர் வேண்டும் என்று கல்லின் மறுமுனையில் உட்கார்ந்துகொண்டார். அவர் அந்தக் காரத்தைக் குடித்து நான் பார்த்ததே இல்லை. பாதியில் இருமத் தொடங்கினார், ஆனால் தம்ளரைக் கீழே வைக்கவில்லை.

அதற்குப் பிறகு மாமனார் குடித்ததாக எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் ஒருவேளை இருந்திருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்தக் கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை.

அவரை நிறுத்தியது அந்தப் பானமா, அல்லது அதை மாற்றி மாற்றிச் செய்து பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சில சமயம், நிறுத்தியது அவரே, இரண்டுமே இல்லை என்றும் தோன்றும். இழையில் முடிச்சு விழாத அந்தக் காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டிருக்கலாம், நாங்கள் கல்லில் உட்கார்ந்து பேசியதெல்லாம் அதன் மேல் போட்ட நுரையாக இருக்கலாம். எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

கொஞ்ச வருஷத்தில் அவருக்குச் சர்க்கரை வந்தது. மருத்துவர் வெல்லம் கூடாது, சோடா மாவையும் உப்பையும் குறைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றியதும் நேராகப் பின்பக்கம் போய் உட்கார்ந்தார். இனி மோர்தான் என்றார் மாமியார். எனக்கு அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் எடுத்துக்கொண்டு அருகில் போனேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார். ஒரு கொத்து வெட்டிவேர். வழியில் நாட்டு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். வேரிலிருந்து மண்வாசனை அடித்தது.

"இதுல இனிப்பும் இல்ல, ஒண்ணும் இல்லன்றான் கடைக்காரன்" என்றார். "இன்னா பண்ணுதுன்னு பாக்கலாமா?"